டீசலிலிருந்து எடுத்த கந்தகம் எங்கே போகிறது, தெரியுமா?

போர்ட் பிளேர் பங்க் ஒன்றுக்கு 20,000 லிட்டர் டீசலோடு ஒரு டேங்கர் லாரி மேடேறி வருகிறது. அந்த டீசல் முழுவதிலும் சேர்த்து இருக்கக்கூடிய கந்தகம் எவ்வளவு தெரியுமா? அதிகபட்சம் 166 கிராம்! ஒரு டம்ளர்கூட நிரம்பாது. இதே லாரி 1990களின் தொடக்கத்தில் வந்திருந்தால்? 166 கிலோ வரை இருந்திருக்கலாம்! மூன்று மூட்டைக்கும் மேல்!

நம்பாதவர்கள் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் டீசல் ஏறக்குறைய 830 கிராம். 20,000 லிட்டர் என்றால் 16.6 டன். அன்றைய விதி அனுமதித்தது 1 சதவீதம், அதாவது பத்து லட்சத்தில் 10,000 பங்கு. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க அமலான பாரத் ஸ்டேஜ் 6 அனுமதிப்பது பத்து லட்சத்தில் வெறும் 10 பங்கு. நடுவே 5,000, 2,500, 500, 350, 50 என்று படிப்படியாக இறங்கி வந்தார்கள். கடைசியில் பி.எஸ். 4-லிருந்து 5-ஐத் தொடாமலே 6-க்கு ஒரே தாவல், அதுவும் மூன்றே ஆண்டில்! இந்த ஒரு தாவலுக்கு அரசு எண்ணெய் நிறுவனங்கள் செய்த செலவு சுமார் 35,000 கோடி ரூபாய்.

அந்தமானுக்கு இதில் என்ன என்கிறீர்களா? அங்கே டீசல் இல்லாமல் பல்ப் எரியாது! தீவுகளில் ரயில் கிடையாது, சுத்திகரிப்பு ஆலை கிடையாது. இன்டர்நெட்டுக்கு 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து 2,300 கி.மீ. நீளக் கடலடிக் கேபிள் வந்து சேர்ந்தது. மின்சாரத்துக்கு அப்படி ஒரு கம்பி இன்னும் வரவில்லை. வடக்கே டிக்லிபூர் பக்கம் கல்போங் ஆற்றில் 5.25 மெகாவாட் நீர்மின் நிலையம் இருக்கிறது. தெற்கு அந்தமானில் நம்ம நெய்வேலிக்காரர்களான என்.எல்.சி. 20 மெகாவாட் சூரிய மின்நிலையம் போட்டிருக்கிறார்கள். மற்றபடி பவர் ஹவுஸ் என்றால் பெரும்பாலும் டீசல் ஜெனரேட்டர்தான். அந்த டீசலின் ஒவ்வொரு சொட்டும் மெயின்லேண்டிலிருந்து டேங்கர் கப்பலில் வருகிறது. ஊருக்கு நடுவே ராத்திரி பகலாக எரியும் எண்ணெயில் கந்தகம் எவ்வளவு என்பது தீவுக்காரர்களுக்குச் சுவாசப் பிரச்னை. ஒரு கிலோ கந்தகம் எரிந்தால் இரண்டு கிலோ சல்ஃபர் டை ஆக்ஸைடு!

சரி, அந்தக் கந்தகத்தை யார் எடுக்கிறார்கள்? இங்கேதான் ஆச்சரியம் தொடங்குகிறது. வடசென்னை மணலியில் இருக்கும் சென்னை பெட்ரோலியம் ஆலையை எடுத்துக்கொள்வோம். பழைய ஆட்களுக்கு இன்னமும் அது எம்.ஆர்.எல்.தான். 1965-ல் இந்திய அரசும் அமெரிக்காவின் அமோகோவும் ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனமும் சேர்ந்து தொடங்கிய கம்பெனி. 1969-ல் ஆண்டுக்கு 25 லட்சம் டன்னோடு ஆலை ஓட ஆரம்பித்தது, இன்றைய திறன் 1 கோடியே 5 லட்சம் டன். வளைகுடாக் கச்சா எண்ணெயில் ஒன்றரை, இரண்டு, சிலவற்றில் மூன்று சதவீதம்கூடக் கந்தகம் இருக்கும். அதை வடிகட்ட முடியாது. அது தூசு மாதிரி மிதக்கவில்லை, எண்ணெய் மூலக்கூறுக்குள்ளேயே கார்பனோடு பிணைந்து கிடக்கிறது. பிணைப்பை அறுத்தால்தான் வரும். அறுக்கும் ஆள்தான் வினையூக்கி, ஆலைக்காரர்கள் பேச்சில் கேட்டலிஸ்ட்.

பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். ஒரு மில்லிமீட்டர் சொச்சம் தடிமனில் குட்டிக் குட்டிக் குச்சிகள். குறுக்கே வெட்டினால் மூன்று அல்லது நான்கு இதழ் தெரியும். எண்ணெய் உள்ளே புகுந்து வெளியே வரும் தூரம் குறைய வேண்டும் என்றுதான் அந்த இதழ் வடிவம். குச்சியின் உடம்பு அலுமினா. அதன் மேல் கோபால்ட்டும் மாலிப்டினமும், அல்லது நிக்கலும் மாலிப்டினமும் பூசப்பட்டிருக்கும். ஒரே ஒரு கிராம் எடுத்து அதன் நுண்துளைகளின் சுவரையெல்லாம் விரித்துப் போட்டால் எவ்வளவு பரப்பு வரும் தெரியுமா? 200 சதுர மீட்டருக்கு மேல்! ஏறக்குறைய ஒரு கிரவுண்டு மனை! ரியாக்டரில் கொட்டுவதோ டன் டன்னாக.

இனி வருவதுதான் எனக்கு இந்த விஷயத்திலேயே ரொம்பப் பிடித்தது. கந்தகத்தை எடுக்கப் போகிற இந்தக் கேட்டலிஸ்டுக்கு, வேலையில் சேரும் முன் வயிறு நிறையக் கந்தகம் ஊட்ட வேண்டும்! ஆமாம், சத்தியமாக. புதிதாகக் கொட்டிய குச்சியில் உலோகங்கள் ஆக்ஸைடாக இருக்கும். அப்படியே விட்டால் வேலைக்கு ஆகாது. அதனால் ஆலையைக் கிளப்பும்போது டை மெத்தில் டை சல்ஃபைடு என்ற நாற்றம் பிடித்த திரவத்தை எண்ணெயில் கலந்து, ஹைட்ரஜனோடு மெல்ல மெல்லச் சூடேற்றி அனுப்புவார்கள். அதிலிருந்து பிரியும் கந்தகத்தைக் குடித்து மாலிப்டினம் ஆக்ஸைடு மாலிப்டினம் சல்ஃபைடாக மாறும். கந்தகத்தை எடுப்பதற்காக முதலில் கந்தகத்தை விலைகொடுத்து வாங்கிக் கொட்டுகிறார்கள்!

ஏன் இந்த வினோதம்? 1897-லிருந்து பிரெஞ்சு வேதியியலர் பால் சபாத்தியே நிக்கலை வைத்து ஹைட்ரஜனேற்றம் செய்து காட்டினார், 1912-ல் நோபல் பரிசும் வாங்கினார். ஆனால் கொஞ்சம் கந்தகம் பட்டால் போதும், அவருடைய நிக்கல் செத்துப்போகும். கந்தகம் வினையூக்கிகளுக்குப் பரம விஷம். 1920களில் ஜெர்மனியில் நிலக்கரியை எண்ணெயாக்க முயன்ற மத்தியாஸ் பியர் குழு கண்ட வழி, ஏற்கெனவே கந்தகமாகவே இருக்கிற ஒன்றை வேலைக்கு வைப்பது. விஷத்தையே உடம்பாகக் கொண்டவனை விஷம் என்ன செய்யும்? மாலிப்டினம், டங்ஸ்டன் சல்ஃபைடுகள் அப்படித்தான் களத்துக்கு வந்தன. மெக்கானிக் கடையில் கறுப்பு மோலி கிரீஸ் பார்த்திருப்பீர்களே, அதில் கலந்திருப்பது இதே மாலிப்டினம் சல்ஃபைடுதான்!

அந்தச் சல்ஃபைடு மெல்லிய ஏடு ஏடாக இருக்கும். ஏட்டின் நடுப்பகுதி சும்மா. வேலை எல்லாம் ஓரத்தில்தான். ஓரத்தில் ஒரு கந்தக அணு கழன்று விழுந்த இடத்தில் எண்ணெய் மூலக்கூறின் கந்தகம் வந்து மாட்டிக்கொள்ளும். ஹைட்ரஜன் வந்து கார்பனிலிருந்து அதைக் கழற்றி ஹைட்ரஜன் சல்ஃபைடாகக் கூட்டிக்கொண்டு போகும். இடம் மறுபடி காலி, அடுத்தது வரும். கோபால்ட்டும் அந்த ஓரத்தில்தான் போய் உட்கார்ந்து வேகத்தைக் கூட்டுகிறது. இதையெல்லாம் பல ஆண்டுகள் ஊகமாகத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். 2000-ல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தில் தங்கப் பரப்பின் மேல் மாலிப்டினம் சல்ஃபைடை வளர்த்து, அணுவைத் தடவிப் பார்க்கும் நுண்ணோக்கியில் படமெடுத்தார்கள். அச்சு அசல் முக்கோணங்கள்! சில நானோமீட்டர் அகல முக்கோணங்கள், ஓரம் மட்டும் பளிச்சென்று ஒளிர்கிறது. அந்த ஒளிரும் விளிம்பை வைத்தே டாப்சோ நிறுவனம் அடுத்த தலைமுறைக் கேட்டலிஸ்டை உருவாக்கி விற்றது. நம் நாட்டிலும் இந்தியன் ஆயில் 1972-ல் ஃபரிதாபாத்தில் தொடங்கிய ஆராய்ச்சி மையம் டீசலுக்கான சொந்தக் கேட்டலிஸ்ட்களை உருவாக்கியிருக்கிறது.

500-லிருந்து 50-க்கு வருவதைவிட 50-லிருந்து 10-க்கு வருவதுதான் பெரும்பாடு என்பது தெரியுமா? காரணம் ஒரு பிடிவாதக்காரன். பெயர் 4,6-டை மெத்தில் டை பென்சோ தயோஃபீன், பெயரே வாயில் நுழையாது. அதில் கந்தக அணுவின் இரண்டு பக்கமும் இரண்டு மெத்தில் குழுக்கள் நின்று வழிமறிக்கின்றன. ஏட்டின் ஓரத்தைக் கந்தகம் தொடவே விடாது. நேரடியாக அறுக்க முடியாததால், முதலில் பக்கத்து வளையத்தில் ஹைட்ரஜனை ஏற்றி மூலக்கூறையே கொஞ்சம் முறுக்க வேண்டும். முறுக்கினால் மெத்தில் விலகும், கந்தகம் வெளியே தலை நீட்டும். அந்த முறுக்கு வேலையில் கோபால்ட்டைவிட நிக்கல் கெட்டிக்காரன். அதற்காகத்தான் 350 டிகிரி சொச்சம் வெப்பம், வளிமண்டலத்தைப்போல் 50 மடங்குக்கு மேல் அழுத்தம், கணக்கில்லாத ஹைட்ரஜன். அந்த ஹைட்ரஜனைத் தயாரிக்க நாஃப்தாவையோ இயற்கை எரிவாயுவையோ உடைக்கிறார்கள், அதில் கார்பன் டை ஆக்ஸைடு வெளியேறுகிறது. கந்தகம் இல்லாத டீசல் இலவசமாக வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும் அல்லவா?

கேட்டலிஸ்ட் சில ஆண்டுகள் உழைக்கும். மேலே கரி படியப் படியச் சோர்ந்துபோகும். ஆலைக்காரர்கள் வெப்பத்தை ஓரிரு டிகிரியாக ஏற்றி ஈடுகட்டுவார்கள். ஏற்ற இடமில்லாமல் போகும் நாளில் அதை வெளியே எடுக்க வேண்டும். பழைய கேட்டலிஸ்ட் காற்றுப் பட்டாலே தானாகத் தீப்பிடிக்கும்! ஆகவே ரியாக்டர் முழுக்க நைட்ரஜனை நிரப்பிவிட்டு, மூச்சுக் காற்றைக் குழாயில் இழுத்துக்கொண்டு, பூட்டிய ஹெல்மெட்டோடு ஆட்கள் உள்ளே இறங்குவார்கள். முகமூடி நழுவினால் ஓரிரு மூச்சில் மயக்கம். விண்வெளி வீரர்களைப் பற்றி எவ்வளவோ எழுதுகிறோம், இந்த ஆட்களைப் பற்றி ஒரு வரி வருவதில்லை!

ரியாக்டரிலிருந்து வெளியேறும் ஹைட்ரஜன் சல்ஃபைடு இன்னொரு பயங்கரம். அழுகிய முட்டை நாற்றம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். ஆபத்து நாற்றத்தில் இல்லை, நாற்றம் நிற்பதில் இருக்கிறது! பத்து லட்சத்தில் 100 பங்கைத் தொட்டால் மூக்கு மரத்துப்போகும். வாயு போய்விட்டது என்று நினைப்பீர்கள். அது அப்போதுதான் கூடிக்கொண்டிருக்கும். அதனால்தான் ஆலைக்குள் எல்லோரும் சட்டையில் ஒரு சின்ன வாயு மானியைக் குத்திக்கொண்டு திரிகிறார்கள்.

அந்த விஷ வாயுவைக் கொஞ்சம் எரித்து, மீதியை அதனோடு மோதவிட்டால் சுத்தமான கந்தகமும் தண்ணீரும் கிடைக்கும். கார்ல் ஃபிரெட்ரிக் கிளாஸ் 1883-ல் காப்புரிமை வாங்கிய முறையின் மேம்பட்ட வடிவம்தான் இது! உருகிய கந்தகம் குழியில் தேன் நிறத்தில் சேரும். அதை 130, 140 டிகிரியில் நீராவிக் குழாய் வைத்துக் காப்பார்கள். இன்னும் சூடேற்றினால் இன்னும் தண்ணீராக ஓடும் என்று நினைத்தீர்களா? 160 டிகிரியைத் தாண்டினால் கந்தகம் திடீரென்று கெட்டியாகிவிடும்! வளைய வளையமாக இருந்த மூலக்கூறுகள் அறுந்து நீளச் சங்கிலியாகக் கோத்துக்கொள்வதால் வருகிற வேடிக்கை அது.

அப்புறம் அது எங்கே போகிறது? பெரும்பகுதி கந்தக அமிலமாகி, உரமாகி, வயலுக்கு. ஒரு பகுதி உங்கள் காபிக்குள்ளும் கை வைத்திருக்கிறது தெரியுமா? நம்மூர்ச் சர்க்கரை ஆலைகள் பலவற்றில் கந்தகத்தை எரித்து வரும் புகையைக் கரும்புச் சாற்றில் விட்டுத்தான் வெளுப்பாக்குகிறார்கள். தீப்பெட்டிக்கும் வேண்டும். அந்தமான் மரத்தில் விம்கோ கம்பெனி தீக்குச்சி சீவிய காலம் ஒன்று உண்டு. வடசென்னையில் அதே விம்கோவின் பெயரில் ஒரு நகரும் மெட்ரோ நிலையமும் இருக்கின்றன, மணலி ஆலைக்குப் பக்கத்திலேயே! ரப்பருக்குக் கந்தகம் இல்லாமல் முடியவே முடியாது. சேர்க்காவிட்டால் வெயிலில் பிசுபிசுத்துப்போகும். நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர் தோட்டம் போட்டார்கள். சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்களை அங்கே குடியமர்த்தினார்கள். தேயிலை மலையிலிருந்து கிளம்பி நடுக்கடல் தீவில் ரப்பர் பால் வெட்டப் போனவர்களின் கதையைத் தனியாகவே எழுத வேண்டும்.

ஒரே மனிதர் எண்ணெயிலிருந்தும் கந்தகம் எடுத்தார், பூமியிலிருந்தும் எடுத்தார் என்றால் நம்புவீர்களா? ஹெர்மன் ஃபிராஷ்! 1880களில் அமெரிக்காவின் ஒஹாயோவில் கிடைத்த எண்ணெய் நாற்றம் தாங்காமல் விலைபோகாமல் கிடந்தது. தாமிர ஆக்ஸைடை வைத்து அதன் கந்தகத்தைப் பிடுங்கிக் காட்டினார் ஃபிராஷ். ராக்ஃபெல்லரின் ஸ்டாண்டர்டு ஆயில் அந்த உத்தியை வாங்கிக்கொண்டது. மனிதர் சும்மா இருந்தாரா? 1894-ல் லூயிசியானாவில் பூமிக்கடியில் கொதிநீரைப் பாய்ச்சிக் கந்தகத்தை உருக்கி மேலே கொண்டுவந்தார். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் உலகத்துக்குக் கந்தகம் தந்த முக்கிய வழி அதுதான். பிறகு எண்ணெய் ஆலைகளில் எடுத்த கந்தகம் மலைமலையாகக் குவிந்து விலையைச் சாய்த்தது; 2000-ல் அமெரிக்காவின் கடைசி ஃபிராஷ் சுரங்கமும் மூடப்பட்டது. அவருடைய முதல் கண்டுபிடிப்பின் வாரிசு இரண்டாவதைக் கொன்றுவிட்டது!

கந்தகம் போனதும் டீசலுக்கு வழவழப்பும் போய்விட்டது தெரியுமா? கந்தகத்தோடு சேர்த்து இயல்பான மசகுப் பொருட்களையும் ஹைட்ரஜன் அழித்துவிடுகிறது. பம்ப் தேயாமலிருக்கத் தனியாக மருந்து கலக்கிறார்கள். சோதனையைக் கேளுங்கள்: 60 டிகிரி டீசலுக்குள் ஒரு குட்டி எஃகுக் குண்டைத் தகட்டின் மேல் நொடிக்கு 50 தடவை வீதம் 75 நிமிடம் தேய்ப்பார்கள். குண்டில் விழும் தழும்பு 460 மைக்ரானுக்குள் இருந்தால் பாஸ்!

இனி கடலுக்கு வருவோம். இத்தனை பாடும் ரோட்டு வண்டிக்கும் ஜெனரேட்டருக்கும்தான். கப்பலுக்கு? 2020 ஜனவரி 1 வரை உலகக் கப்பல்கள் 3.5 சதவீதம் வரை கந்தகமுள்ள எண்ணெயை எரிக்க அனுமதி இருந்தது. அதன்பின் 0.5 சதவீதம். பெரிய முன்னேற்றம்தான். ஆனாலும் கணக்குப் பார்த்தால் போர்ட் பிளேர் ஆட்டோவுக்கு அனுமதித்ததைப்போல் 500 மடங்கு! பால்டிக் கடலிலும் வடகடலிலும் 2015 முதல் 0.1 சதவீதம்தான் செல்லும். அந்தமான் கடலுக்கு அப்படி ஒரு விசேஷக் காவல் இல்லை. புகைபோக்கியில் கடல்நீரைப் பீய்ச்சிக் கழுவும் கருவி பொருத்தியிருந்தால் பழைய எண்ணெயையே எரிக்கலாம் என்ற சலுகையும் உண்டு. கழுவிய நீர் பெரும்பாலும் போவது கடலுக்கே. எனக்கு இது தீர்வாகவே தெரியவில்லை.

இப்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். இலங்கைக்குத் தெற்கே சுற்றி வரும் கப்பல்கள் மலாக்கா நீரிணையை நோக்கி ஏறக்குறைய ஒரே கோட்டில் கிழக்கே போகும். கிரேட் நிக்கோபாரின் தென்முனையான இந்திரா பாயின்ட்டுக்கும் சுமத்ராவுக்கும் நடுவில், ஆறாம் பாகைக் கால்வாய் வழியாக. அந்தக் கப்பல் தடத்தின் மேலே வானத்தில் மின்னல் கோடு போட்டிருந்தது! அமெரிக்க விஞ்ஞானிகள் 12 ஆண்டு மின்னல் பதிவுகளை வரைபடத்தில் குத்தியபோது, கப்பல் போகும் பாதை அப்படியே நேர்கோடாகத் தெரிந்தது. பக்கத்துக் கடலைவிட அங்கே மின்னல் ஏறக்குறைய இரு மடங்கு! வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜோயல் தார்ன்டன் குழு 2017-ல் இதை வெளியிட்டது. காரணம் இரும்புக் கப்பல் இடியை இழுப்பது அல்ல. புகையிலுள்ள கந்தகத் துகள்கள் மேகத்தில் எண்ணற்ற நுண்துளிகளை உண்டாக்கும். துளி சிறிதானால் சீக்கிரம் மழையாக விழாது, மேலே மேலே ஏறி உறையும். உறைந்த துகள்கள் ஒன்றோடொன்று மோதினால் மின்னேற்றம், மின்னல்!

2020 வந்தது, கப்பல் எண்ணெயில் கந்தகம் குறைந்தது. சிங்கப்பூர்ப் பக்கத்துத் தடங்களின் மேல் மின்னல் என்ன ஆனது தெரியுமா? ஏறக்குறைய பாதியாகிவிட்டது! 2025-ல் வந்த ஆய்வு இது. உலக நாடுகள் லண்டனில் கூடிக் கப்பல்களுக்கு ஒரு விதியை எழுதுகின்றன, சுத்திகரிப்பு ஆலைகள் அதற்கேற்ற எண்ணெய் தருகின்றன, இந்தியப் பெருங்கடலில் வானம் அடங்குகிறது! இதே கடலோரம் கிரேட் நிக்கோபாரின் கலாத்தியா விரிகுடாவில்தான் பெரிய சரக்குப் பெட்டகத் துறைமுகம் திட்டமிட்டிருக்கிறார்கள். அந்தச் சர்வதேசத் தடம் அங்கிருந்து சுமார் 40 கடல் மைல்தான். எந்த எண்ணெயை எரிக்கும் கப்பல்கள் வந்து நிற்கும் என்பது தீவுக்கு முக்கியமான கேள்வி.

கந்தகம் முழுக்க மனிதன் கொண்டுவந்ததும் அல்ல. போர்ட் பிளேருக்கு வடகிழக்கே சுமார் 140 கி.மீ. தொலைவில் பாரன் தீவு, தெற்காசியாவிலேயே உயிரோடிருக்கும் ஒரே எரிமலை! 1787-ல் குமுறியது பதிவாகியிருக்கிறது. ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் தூங்கிவிட்டு 1991-ல் மறுபடி எழுந்தது. எந்த பாரத் ஸ்டேஜுக்கும் கட்டுப்படாமல் சல்ஃபர் டை ஆக்ஸைடை ஊதிக்கொண்டிருக்கிறது. கார்பின்ஸ் கோவ் கரையில் நின்று ஆழ இழுத்து மகிழ்கிறோமே, அந்தக் கடல் வாசனை? அதுவும் கந்தகம்தான்! மிதவைப் பாசிகளிலிருந்து வரும் டை மெத்தில் சல்ஃபைடு. மணலியில் கேட்டலிஸ்டுக்கு ஊட்டுகிறார்களே, அதற்கு ஒன்றுவிட்ட தம்பி.

விமானத்தில் போகிறவர்களுக்கு ஒரு வரி: சென்னையிலிருந்து இரண்டு மணி நேரத்தில் போர்ட் பிளேருக்குக் கொண்டுபோய் இறக்கும் விமானத்தின் எரிபொருளில் கந்தகம் 0.3 சதவீதம் வரை இருக்கலாம். வாசலில் நிற்கும் டாக்ஸியின் டீசலைவிட 300 மடங்கு.

ரோடோகாக்கஸ் என்று ஒரு பாக்டீரியா இருக்கிறது. ஹைட்ரஜனும் வேண்டாம், 350 டிகிரியும் வேண்டாம், சாதாரண வெப்பத்தில் நமது பிடிவாதக்கார மூலக்கூறின் குடும்பத்திலிருந்து கந்தகத்தை மட்டும் நாலே படியில் கடித்து எடுத்துவிடும்! எண்ணெயை மற்றபடி தொடாது. 1980களின் இறுதியிலேயே ஆராய்ச்சிக்கூடத்தில் பிடித்துவிட்டார்கள். இன்னும் ஆலைக்கு வரவில்லை, ஏனென்றால் ஆள் ரொம்ப மெதுவாகத்தான் சாப்பிடுகிறான்.

இவ்வளவு பாடுபட்டுக் கந்தகத்தை எடுப்பவர்கள், ஒரு எரிபொருளில் வேண்டுமென்றே அதைத் திரும்பப் போடுகிறார்கள் தெரியுமா? சமையல் கேஸ்! எல்.பி.ஜி.க்குச் சொந்த வாசனை கிடையாது. கசிந்தால் மூக்குக்குத் தெரிய வேண்டும் என்று எத்தில் மெர்கேப்டன் என்ற கந்தகச் சேர்மத்தைக் கொஞ்சமாகக் கலக்கிறார்கள். நூறு கோடியில் ஒரு பங்கைக்கூட நம் மூக்கு பிடித்துவிடும். மெயின்லேண்டிலிருந்து கடல் தாண்டி வந்து போர்ட் பிளேர் அடுப்படியில் உட்கார்ந்திருக்கும் சிலிண்டரிலும் அதுவேதான். ரெகுலேட்டர் பக்கம் நாறினால் முதலில் ஜன்னலைத் திறங்கள், சுவிட்சைத் தொடாதீர்கள்!